பெட்டியோடு போனால்

கவிப்ரியா ஒரு வாரமாக ஒரே வகை இங்கிலீஷ் வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அத்திப்பள்ளியில் இன்டர்வியூ. பகல் வேலை, விடுதியில் இருக்க வேண்டியதில்லை. முன்பு அங்கே இன்டர்வியூவுக்குப் போய் வந்த ஒருத்தியிடம் அவர்கள் கேட்டதெல்லாம் 'இப்படி நடந்தால் என்ன செய்வாய்' என்ற கேள்விகள்தான்.

"இஃப் தி மெஷின் ஸ்டாப்ஸ், ஐ வில் கால் தி சூப்பர்வைசர்."

பக்கத்துக் கட்டிலில் ஹரிணி தலை சீவிக்கொண்டிருந்தாள். "நின்னா மொதல்ல டீ குடிக்கப் போவோம். அதச் சொல்லு."

"இஃப் ஐ வேர் தி சூப்பர்வைசர்..."

"ஐ-க்கு எதுக்குடி வேர்?"

"நடக்காத விஷயத்துக்கு அப்படித்தான்."

"அப்ப நமக்கு எல்லாத்துக்குமே வேர்தான்."

மூக்கண்டப்பள்ளியில் இருந்த அந்தக் கம்பெனி விடுதியை விட்டு வெளியே போக, வார்டனுக்கு வீட்டு எண்ணிலிருந்து போன் வர வேண்டும். கவிப்ரியா வேலைக்குச் சேர்ந்தபோது அப்பாவிடம் போன் இல்லை. ஆள் சேர்த்துவிட்ட முனிராஜ் படிவத்தில் தன் எண்ணையே எழுதினான். வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த பதினொரு பெண்களுக்கும் அதே எண். ஒரு வருடம் முடியும் முன் எந்தப் பெண் நின்றாலும் அவன் கமிஷன் போய்விடும். அவளுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதனால் அப்பாவையே வரச் சொல்லியிருந்தாள். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கரியப்பன் சலவைச் சட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்றார்.

"பெத்தவனே வந்திருக்கேன். இன்னும் எதுக்கும்மா போனு?"

வார்டன் மாரம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "இந்த நம்பர்ல இருந்து வரணுங்க. நாளைக்கு எவனோ வந்து நான்தான் அப்பன்னா, நான் என்ன பண்றது?"

கரியப்பன் புதிதாக வாங்கிய போனில் முனிராஜை அழைத்தார். ஊரில் மாரியம்மன் பண்டிகை என்று சொல்லும்படி கவிப்ரியா நேற்றே சொல்லியிருந்தாள்.

"பொண்ணுக்கு அத்திப்பள்ளியில வேற கம்பெனில இன்டர்வியூ, முனிராஜு. இங்கிலீஷ்லயே பேசுவா. வார்டனுக்கு ஒரு போன் போட்டுடுப்பா."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வெச்சுட்டான்."

"பண்டிகைன்னு சொல்லச் சொன்னேனேப்பா."

"அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

எட்டேமுக்காலுக்கு மாரம்மாவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே கவிப்ரியாவைப் பார்த்தாள்.

"விட வேணாங்கறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பெட்டியோட போறதுன்னா போன் வேணாம். வேலைய விட்டதா கையெழுத்துப் போடணும். அப்புறம் உள்ள எடம் கெடையாது."

கவிப்ரியா மாடிக்குப் போனாள். துணிகளை மடிக்காமல் பெட்டியில் திணித்தாள். மூடி பொருந்தவில்லை. ஹரிணி அதன் மேல் உட்கார்ந்து அழுத்தினாள்.

கவிப்ரியா கீழே வந்து கையெழுத்துப் போட்டாள். கேட் ஒரு பெட்டி போகும் அளவுக்குத் திறந்தது.

கரியப்பன் பெட்டியைத் தொடவில்லை. "வேலை கெடைக்கலைன்னா என்னம்மா பண்ணுவ?"

மெஷின் நின்றால், சரக்கு பழுதானால், தீப்பிடித்தால் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"ஒம்பது மணி பஸ்ஸ விட்டுடுவோம்ப்பா."

"உள்ள போயிடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அவர் கேட் கம்பியைத் தட்டி மாரம்மாவைக் கூப்பிட்டார். மாரம்மா நோட்டில் கவிப்ரியாவின் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். கவிப்ரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.