வில்லனுக்கு ஒரு வரம்

1

இந்தக் கதை ஓர் ஆளைக் கொல்வதற்காகத் தொடங்கப்பட்டது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

1968 ஆவணியில் ஒரு வாரப் பத்திரிகை மாயக்கதைப் போட்டி அறிவித்தது. கதையில் ஒரு நாயகனோ நாயகியோ வேண்டும், ஒரு வில்லன் வேண்டும், ஒரு மாயசக்தி வேண்டும். தேன்கனிக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சூசைமேரி அதைப் படித்ததும் நாயகியைப் பற்றி யோசிக்கவில்லை. வில்லன் அவளிடம் ஏற்கெனவே தயாராக இருந்தான்.

(இதை எழுதுகிறவளும் சூசைமேரிதான். ‘நான்’ என்று தொடங்கிய நான்கு தாள்கள் அடுப்புக்குள் போயாயிற்று. ‘நான்’ என்று எழுதினால் தன்னை ரொம்ப நல்லவளாக எழுதிவிடுகிறாள். கொஞ்சம் தள்ளி நிறுத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.)

வில்லனின் பெயர் கிருஷ்ணப்பன். ஃபாரஸ்ட் கார்டு. இரண்டு வருஷத்துக்கு முன் சானமாவுக் காட்டில் சூசைமேரியின் தம்பி யேசுராஜ் யானை மிதித்துச் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. மாதா கோயில் திருவிழாச் சமையலுக்கு விறகு வெட்டப் போனவன். கார்டு துரத்தினான், யேசுராஜ் ஓடினான், ஓடின வழியில் யானை நின்றது. ஊரில் எல்லோரும் சொன்னது இதுதான். அம்மா லூர்தம்மாள் அன்றிலிருந்து கிருஷ்ணப்பன் குடியிருக்கும் தெரு வழியாகச் சந்தைக்குப் போவதில்லை. சுற்றிக்கொண்டுதான் போவாள்.

2

முதல் தொடக்கம்:

“முன்னொரு காலத்தில், மேகம் தவழும் மலைநாட்டில், அருள்செல்வி என்றொரு—”

என்றொரு யார்? இளவரசி என்று எழுதக் கை வரவில்லை. தேன்கனிக்கோட்டைக்கு அடுத்த தளிப் பக்கம் மேகம் தவழும்தான். ஆனால் அங்கே அவள் பார்த்த பெண்களெல்லாம் பனியில் குனிந்து கிழங்கு தோண்டுகிறவர்கள்.

இரண்டாவது தொடக்கம்:

“காட்டோரத்தில் அருள்செல்வி தன் தம்பியோடு வாழ்ந்து வந்தாள். அவன் சிரித்தால்—”

இதற்கு மேல் போகவில்லை. தம்பியை எடுத்துவிட்டாள்.

அடுத்தது மாயசக்தி. முதலில் அருள்செல்விக்குப் பறக்கும் சக்தி கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அதை ஆயா நஞ்சம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். நஞ்சம்மா கன்னடக்காரி. தமிழை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க மாட்டாள், ஆனால் கதை கேட்பதில் கெட்டிக்காரி.

“பறக்கிறவளுக்குக் காட்டுல என்னா வேல மேரிக்கா? நேரா பெங்களூரு போயிடுவா.”

அது சரிதான் என்று பட்டது. பறப்பதை அடித்துவிட்டு, விரலை நீட்டினால் யானை ஒதுங்கிப் போகும் சக்தியைக் கொடுத்தாள்.*

* மாயசக்தியை எங்கிருந்து எடுப்பது என்று எழுத நினைப்பவர்கள் கேட்பதுண்டு. கஷ்டப்பட்டுத் தேட வேண்டாம். எழுதுகிறவருக்கு எந்த நாளில் எது கையில் இல்லாமல் போயிற்றோ, அதைத்தான் அவர் நாயகிக்குக் கொடுக்கிறார்.

3

வில்லனை எழுதுவது சுலபமாக இருந்தது. வெட்கப்படும் அளவுக்குச் சுலபம். சிவந்த கண், தடித்த தடி, ஏழைகளைக் கண்டால் இளிப்பு. நிஜக் கிருஷ்ணப்பனுக்கு முன்பல்லில் வெள்ளிக் கட்டு உண்டு. யாருக்கும் தெரியக் கூடாதென்று அதைத் தங்கமாக மாற்றினாள். கடைசிப் பக்கத்தில் அருள்செல்வி விரலை நீட்டுகிறாள். இந்த முறை யானையை ஒதுக்குவதற்காக நீட்டவில்லை. யானை வில்லன் பக்கம் திரும்புகிறது.

எழுதி முடித்த அன்று சூசைமேரி நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் கேட்டுவிட்டு நஞ்சம்மா சொன்னாள்: “பல்லுல தங்கத்த வச்சா மட்டும் தெரியாம போயிடுமா? இது நம்ம கார்டு கிருஷ்ணப்பன்தானே.”

“ஆமா. அவனேதான்.”

“பாவம்க்கா.”

“யாரு பாவம்?”

நஞ்சம்மா தூக்குச் சட்டியைக் கழுவப் போனாள்.

4

இனி வருவது கற்பனை இல்லை. [இந்த வரியை எல்லாக் கதாசிரியர்களும் எழுதுகிறார்கள். அதனால் நம்பிக்கை குறைந்தால் அது உங்கள் தப்பில்லை.]

போன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிருஷ்ணப்பனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். காட்டுப்பன்றி கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. டாக்டர் தையல் போட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். கட்டுப் போட வேண்டியது சூசைமேரி. ராகிக் களி தின்று வளர்ந்த பெரிய உடம்பு. பெஞ்சில் குறுகி உட்கார்ந்திருந்தது.

“இத்தன நாள் காய்ச்சல்னாலும் ஓசூருக்குத்தான் போவேன் சிஸ்டர்,” என்றான் அவன். “நீங்க இங்க இருக்கீங்கன்னு.”

அவள் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் இறுக்கியே சுற்றினாள். அவன் முனகவில்லை.

“ஏன் தொரத்துனீங்க?” என்று கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை.

“தொரத்தலம்மா.”

“ஊரே சொல்லுது.”

“ஊரு அங்க இல்ல. நானும் உன் தம்பியும்தான் இருந்தோம்.” நீங்க என்றது நீ ஆனதை அவன் கவனிக்கவில்லை. “உண்ணிப் பொதருக்குப் பின்னால ஆனை நிக்குது. அவனுக்குத் தெரியல, வெறகக் கட்டிக்கிட்டு இருக்கான். எனக்குத் தெரியுது. கத்துனேன்.”

“என்னான்னு கத்துனீங்க?”

அவன் தன் காலைப் பார்த்தான்.

“நில்லுன்னு கத்துனேன். ஆனைன்னு கத்தியிருக்கணும். பன்னெண்டு வருசமா காட்டுல ஆள கண்டா நில்லுன்னுதான் கத்துறேன். அன்னிக்கும் வாயில அதுதான் வந்துச்சு. காக்கிச் சட்ட போட்டவன் நில்லுன்னா எவன் நிப்பான்? ஓடுனான். நேரா அதுகிட்டயே ஓடுனான்.”

‘நில்லு’ கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சொல். யேசுராஜுக்குப் புரியாமல் போயிருக்க வழியில்லை.

“இத ஏன் அப்பவே வந்து சொல்லல?”

“உங்க ஊட்டுக்கு வந்தேன். வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள உங்கம்மா அழுவுற சத்தம். நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?”

“மாட்டோம்,” என்றாள் சூசைமேரி.

கட்டைப் பிரித்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சுற்றினாள்.

5

அதற்குப் பிறகு கதை நகர மறுத்துவிட்டது.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். காட்டில் வேறு சாட்சி இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சூசைமேரி அவனைப் பொய்யனாகவே எழுதிப் பார்த்தாள். “அவன் நயவஞ்சகமாகக் கண்ணீர் வடித்து—” இல்லை, அவன் அழவே இல்லை. “அவன் தன் குற்றத்தை மறைக்க—” எங்கே மறைத்தான்? பொய் சொல்ல நினைத்தவன் ‘ஆனை ஆனைன்னு கத்தினேன், அவன்தான் கேக்கல’ என்றல்லவா சொல்லியிருப்பான்? தன் மேலேயே விழுகிற பொய்யை எவன் இரண்டு வருஷம் சுமப்பான்?

திங்கட்கிழமை தாளைத் திருப்பிப் போட்டு, போட்டி கேட்ட மூன்றையும் மறுபடி எழுதினாள். நாயகி: அருள்செல்வி. வில்லன்:

(இந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.)

மாயசக்தி: யானையை ஒதுக்குகிற விரலை நாயகியிடமிருந்து எடுத்துக்கொண்டாள். வில்லனாக இருந்தவனுக்கு ஒரு வரம் கொடுத்தாள். பெரிய வரம் இல்லை. பயப்படுகிற நேரத்தில் சரியான சொல் அவன் வாயில் வர வேண்டும். அவ்வளவுதான். மலையைப் பெயர்க்கிற வரங்களை எழுதும்போதெல்லாம் வராத அழுகை இதை எழுதும்போது வந்தது.

6

நேற்று மாலை, இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். லூர்தம்மாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு எதிரே உட்கார்ந்து கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பன் பேசும் நாலாவது பகுதி வந்ததும் முறம் நின்றது.

படித்து முடித்ததும் சூசைமேரி காத்திருந்தாள். அம்மா தாளைப் பிடுங்கிக் கிழிப்பாள் என்று நினைத்தாள். தன்னை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மகனைப் பறிகொடுத்தவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு கோபம்தான். அதையும் எடுத்துக்கொள்ள மகளுக்கு என்ன உரிமை? படித்திருக்கவே கூடாதோ என்றுகூட—

“அவன் காலு ஆறிடுச்சா?” என்றாள் லூர்தம்மாள்.

“இன்னும் ஆறல. நாளன்னிக்குத் தையல் பிரிக்கணும்.”

“எத்தன மணிக்கு வருவான்?”

“பத்துக்கு. எதுக்கும்மா?”

“நானும் வரேன்.”

“வந்து?”

லூர்தம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டாள். மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

7

இன்று புதன்கிழமை. போட்டிக்கு இதுதான் கடைசி நாள். மூன்று மணி பஸ்ஸில் தபால் போகிறது. தையல் பிரிப்பது நாளை.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்க்காமல் இல்லை. அம்மா அவன் கன்னத்தில் அறைகிறாள், அவன் வாங்கிக்கொள்கிறான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அம்மா அறைகிற ஜாதி இல்லை. அம்மா அவனை மன்னிக்கிறாள். இதை எழுதிய உடனே அடித்தாயிற்று. இரண்டு வருஷத்தைப் பத்து மணிக்கு வந்து பத்தரை மணிக்குள் முடித்துவிட முடியாது. மூன்றாவதில் அம்மா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, “எம்புள்ள வெறகு கட்டறப்போ பாட்டு பாடுவான். அன்னிக்குப் பாடுனானா?” என்று கேட்கிறாள். இதற்குக் கிருஷ்ணப்பன் சொல்லும் பதிலைச் சூசைமேரியால் எழுத முடியாது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே, வாசகரே, இதை முடிவில்லாமல் அனுப்புகிறாள். பரிசு கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வியாழக்கிழமை எப்போதோ கடந்திருக்கும். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள்: அந்த ஆளை முதலில் பேசவிடுங்கள். அவன் சொல்லைத் தேடுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அம்மா காத்திருப்பாள்.