துப்பியவன்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது, வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கேன். அதன்மேல் ஈரச் சாக்கு. இன்னாசிராஜ் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி ஞானமேரி எதிரே வந்து நின்றாள். கையில் டம்ளர்.

"தம்பி, நீங்க பாத்துச் சொன்னாத்தான் இத அவுங்கள தொட வுடுவேன்."

மலையடிவாரத்தில் எங்கோ குடித்தவர்கள் செத்துப்போனதாக ஒரு மாதமாகப் பேச்சு. அரசாங்கம் சாராயக் கடைகளை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது சாராயம் சைக்கிளில் வந்தது. கொண்டுவருகிறவனைத் தெரியும். அவனுக்குக் கொடுக்கிறவனை யாருக்கும் தெரியாது.

இன்னாசிராஜ் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறினான். எந்த ஒயினை வாங்குவது, எதை எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது, எது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்வதும் அவன் வேலை. ஓட்டல்காரர்கள் அவனை ஒருமுறை பிரான்சுக்கு அனுப்பினார்கள். அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு அடியில், குளிர்ந்த நிலவறைகளில், காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுகொண்டு ருசி பார்த்தான். ருசி பார்த்ததையெல்லாம் வாளியில் துப்பினான். இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவன் முதலில் கற்றுக்கொடுப்பதும் துப்புவதைத்தான். விழுங்குகிறவன் குடிகாரன் ஆவான், இந்த வேலைக்கு ஆகமாட்டான் என்பான். ஊரில் இதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அப்பா சவரிமுத்து, மகன் பிஷப்புக்குப் பூசைக்கான திராட்சை ரசம் வாங்கிக் கொடுக்கிற உத்தியோகத்தில் இருப்பதாகச் சொல்லிவந்தார். மற்றவர்கள் பிராந்திக் கடையில் இருக்கிறான் என்றார்கள்.

டம்ளரில் நிறம் தெரியாது, கண்ணாடி கிளாஸ் வேண்டும் என்றான். டீ கிளாஸ் வந்தது. அதை வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"வெள்ளக்காரனுக்கே ஊத்திக் குடுத்த கைய்யி," என்றார் முனியப்பன். அப்பாவோடு ஏர் ஓட்டியவர். "பேசாம இருங்கப்பா, பாக்கட்டும்."

இன்னாசிராஜ் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் அண்ணன் வியாகுலம், "டாக்டரு நாடி புடிக்கறாரு, யாரும் இருமாதீங்க," என்றான். சிரித்தார்கள். பிறகு உண்மையிலேயே பேச்சு நின்றது. எல்லோரும் அவன் மூக்கைப் பார்த்தார்கள். அவன் வேலையை அந்த ஊர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அது அவனுக்குப் பிடித்திருந்தது. தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான்.

வேலம்பட்டை. பிளாஸ்டிக். புளித்த வெல்லம். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான். எரிந்தது. எரிச்சலுக்குப் பின்னால் லேசாக ஒரு இனிப்பு. அதுவும் வெல்லம்தான் என்று நினைத்தான். மரத்து வேரடியில் துப்பினான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"தப்பா ஒண்ணும் தெரியலீங்க அண்ணி."

ஞானமேரி தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். வியாகுலத்தின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. சாமியார் கிளம்பிப் போனபிறகு செத்தவர் பேரைச் சொல்லி மூத்த மகன் கொஞ்சம் தரையில் ஊற்றுவான். மீதியை எல்லோரும் குடிப்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

"அப்பன் பேரச் சொல்லி குடிக்கறத துப்பறியா?"

தொழில் பழக்கம் என்றான் இன்னாசிராஜ். முனியப்பன் அவனுக்கு ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி நீட்டினார். சாயங்காலம் மொரப்பூரில் ரயில் ஏற வேண்டும், வேண்டாம் என்றான். உண்மையில் ரயில் மறுநாள்தான். அந்த நாற்றம் தொண்டைக்குள் இறங்குவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. துப்பியதில் பாதிதான் தொழில் பழக்கம். மீதி அருவருப்பு. உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். அவர்கள் குடிக்கிற சத்தமும் முனியப்பன் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஏதோ ஒன்றுக்கு எல்லோரும் சிரித்த சத்தமும் கேட்டன.

காலையில் வியாகுலம் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வூட்டுக்குள்ள எதுக்கு இவ்ளோ பொகை என்று கேட்டான். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். அதே நேரத்தில் கீழ்த்தெருவில் அழுகை கேட்டது. வேன் பிடித்து எல்லோரையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முனியப்பனை இறக்கும்போது உயிர் இல்லை.

அவர் மனைவி தீர்த்தம்மாள் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், விலை சொல்கிற மாதிரி சொன்னாள்: "அந்தப் பையன் துப்பிட்டான். தெரிஞ்சிதான் துப்பனான்." அவன் கேட்கட்டும் என்று சொன்னதாகவும் தெரியவில்லை. ஆனால் வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஞானமேரி திரும்பவில்லை. இன்னாசிராஜ் அருகில் போனபோது, அவன் நிற்க இடம் விடுவதுபோல் நகர்ந்தாள். நிறைய நகர்ந்தாள்.

டாக்டருக்கு அவன் வயதுதான் இருக்கும். சட்டையில் யாரோ வாந்தியெடுத்த ஈரம். இன்னாசிராஜ் தன் வேலையைச் சொல்லி, அந்த இனிப்பைச் சொல்லி, தான் கண்டுபிடித்திருக்க வேண்டுமா என்று கேட்டான். இதை மூக்கால், நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, யாராலும் முடியாது என்றார் டாக்டர். அதை வராந்தாவில் வந்து ஒருதரம் சொல்ல முடியுமா என்று கேட்க இவன் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே திரும்பி, "நல்ல பிராந்தியா வாங்கிட்டு வாங்க," என்றார். "அந்த விஷத்துக்கு அதுதான் மாத்து. தண்ணி கலந்து, மணிக்கொரு தரம். எப்படியாவது உள்ள போகணும்."

பஸ் ஸ்டாண்டு எதிரில் வாங்கினான். சீல் பார்த்தான். மூடியைத் திறந்து மோந்தான். பிறகு மோந்ததை நினைத்து வெட்கப்பட்டான். கட்டிலருகே நின்று நர்ஸ் கொடுத்த அளவுக் குப்பியால் டம்ளரில் ஊற்றி, தண்ணீர் கலந்தான். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வியாகுலத்துக்கு மூச்சு வேகமாக ஓடியது. கண்கள் திறந்திருந்தன. அவை தம்பியின் தோளுக்கு மேலே எதையோ பார்த்தன.

"யாரு?"

"நாந்தாண்ணா. பிராந்தி. டாக்டரு குடுக்கச் சொன்னாரு."

வியாகுலம் வாயை மூடிக்கொண்டான். ஞானமேரி டம்ளரை வாங்கி, அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள். மருந்துதான், குடி என்றாள்.

"ஊத்தனது யாரு?"

அவள் டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பினான். கொஞ்சம் அவன் கழுத்தில் வழிந்தது. அவள் டம்ளரை இன்னாசிராஜின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

"எனக்குத் தெரியாதுண்ணா. அம்மா மேல சத்தியமா தெரியாது."

"தெரியாதவன் எதுக்குடா சொன்ன?"

மூச்சு வாங்கிக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குக் கைகால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரயிலுன்ன. ரயிலு இன்னிக்கித்தான."

இன்னாசிராஜ் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நீங்கள் குடிப்பது எனக்கு அருவருப்பாக இருந்தது என்று சொல்ல வேண்டும். நர்ஸ் கட்டிலைத் தாண்டிப் போகும்போது, இன்னும் கொடுக்கலையா, நேரம் ஆகுது என்றாள்.

"நீ குடி மொதல்ல," என்றான் வியாகுலம்.

குடித்தான்.

"குடிச்சிட்டேண்ணா."

"குடிச்சியா துப்பனியா, எனக்கு என்னா தெரியும்."

கை போர்வையை விட்டு எழுந்தது. காற்றில் தடவி, சட்டைக் காலரைப் பிடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, தாடையைத் தொட்டு, கீழே இறங்கி, குரல்வளைமேல் நின்றது. ஏர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அழுத்தின.

"இப்ப குடி."

இன்னாசிராஜ் ஒரு வாய் விழுங்கினான். விரல்களுக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னொரு வாய்."

விழுங்கினான். டம்ளரில் பாதிதான் இருந்தது. அதை அண்ணனின் உதட்டருகே கொண்டுபோனான். உதடுகள் மூடியே இருந்தன. விரல்கள் மட்டும் குரல்வளைமேல் அப்படியே இருந்தன, அது இன்னொருமுறை அசைவதற்காக.