வைச்சிருப்பமோ

செத்தவீட்டுக் கிரியையில் சுண்ணம் இடிக்கும் உலக்கை இரண்டாம் முறை விழுந்தபோது ஏரம்புவின் போன் அடித்தது. குணலட்சுமி அதை மடியில் வைத்திருந்தாள். திரையில் ஜெயசுதன் என்று இருந்தது. மணி ஒன்பதரை.

குருக்கள் பாடிக்கொண்டிருந்தார்.

"உந்தப் போனை நிப்பாட்டுமன் மச்சாள்," என்றாள் ஏரம்புவின் தங்கை செல்வநாயகி.

குணலட்சுமி சத்தத்தை மட்டும் குறைத்தாள். போன் மடியில் அதிர்ந்து ஓய்ந்தது. எதிரே பெட்டியில் அவள் கணவர் ஏரம்பு வேட்டி சால்வையோடு கிடந்தார்.

ஜெயசுதனை அவள் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பங்குத் தரகர் கந்தோரில் வேலை. சந்தை திறக்கும் நாளெல்லாம் ஒன்பதரைக்குப் போன் எடுப்பான். ஏரம்புவுக்குக் காது மந்தம். போனை விறாந்தை யன்னலில் வைத்து ஸ்பீக்கரைப் போடுவார்.

"வணக்கம் ஐயா, திறந்திட்டுது."

விலையைச் சொல்வான். பிறகு கொக்குவிலில் மழையோ என்று கேட்பான். மகளுக்குப் பல் முளைத்ததைச் சொல்வான். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும் குணலட்சுமி கையை நிறுத்திவிடுவாள்.

"பெத்த பிள்ளை கோபி எடுக்கிறது ஞாயிறிலை. உவன் கிழமையிலை அஞ்சு நாள்," என்பார் ஏரம்பு. "ஆர் என்ரை பிள்ளை எண்டு தெரியேல்லை."

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் பாதியை அவர் ஒரே கம்பனியில் போட்டிருந்தார். வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் கொழும்புக் கம்பனி. பங்கின் விலை இரண்டு மடங்காகியிருந்தது. போன வியாழன் மாலை, வருகிற ஆண்டில் எதிர்பார்த்த வருமானம் வராது என்று அந்தக் கம்பனி அறிவித்தது. வெள்ளி காலை விலை சரிந்தது. ஜெயசுதன் அன்று மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏரம்பு குசினி வாசலில் வந்து நின்றார்.

"நீர் என்ன சொல்லுறீர்? வைச்சிருப்பமோ, விப்பமோ?"

முப்பத்தாறு வருடத்தில் பணத்தைப் பற்றி அவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கென்ன தெரியும். நீங்களே யோசியுங்கோ."

அவள் மற்றப் பாதித் தேங்காயை எடுத்தாள். அவர் விறாந்தைக்குத் திரும்பினார். சனி விடிய எழும்பவில்லை. ரொறன்ரோவிலிருந்து கோபிசங்கர் ஞாயிறு இரவு வந்து சேரும்வரை பெட்டி நடு அறையில் இருந்தது.

பதினொரு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். பறைச் சத்தம் ரயில் கடவையைத் தாண்டும்வரை குணலட்சுமி கேட்டாள். பிறகு வீட்டைக் கழுவினார்கள்.

கோபி சுடலையிலிருந்து வந்து முழுகினான். தலையைத் துவட்டியபடி தாய்க்கு அருகில் இருந்தான்.

"அம்மா, அப்பாவின்ரை பங்கை விப்பம். எட்டாம் நாள் சடங்கு முடிய நான் வெளிக்கிட்டிடுவன். உங்களுக்கு ஏன் அந்தத் தலையிடி."

போன் மறுபடி அடித்தது. அவள் எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஐயா, காலமையும் எடுத்தனான்."

"தம்பி, ஐயா மோசம் போயிட்டார். சனிக்கிழமை."

மறுபக்கத்தில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாது அன்ரி," என்றான் ஜெயசுதன். "பங்கை ஆறுதலாக் கதைப்பம்."

"இப்பவே கதைப்பம்," என்றான் கோபி. "நான் மகன். எல்லாத்தையும் வித்துவிடுங்கோ."

"கூட்டுக் கணக்கு அண்ணை. அம்மா சொல்லவேணும். இண்டைக்கும் விழுந்திட்டுதுதான்."

"வித்தால் பிறகு?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"பிறகு ஒண்டுமில்லை அன்ரி. கணக்கை மூடலாம். நானும் எடுத்துக் கரைச்சல் தரமாட்டன்."

அவள் யன்னலைப் பார்த்தாள்.

"கிடக்கட்டும் தம்பி."

"அம்மா, இன்னும் விழும்."

"விழட்டும்."

கோபி துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு உள்ளே போனான்.

"நாளைக்கும் திறக்குமோ தம்பி?"

"ஓம் அன்ரி. ஒன்பதரைக்கு."

அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலைச் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அடுப்பு மூட்டவில்லை. திருவத் தேங்காயும் இல்லை. ஒன்பது இருபத்தைந்துக்குக் குணலட்சுமி போனை விறாந்தை யன்னலில் வைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். குசினிக்குப் போய்த் திருவலைப் பலகையில் உட்கார்ந்தாள்.