ஒன்பதுக்கு நடுவில் எட்டு

போன வருடத் திருநாளில் மேற்குத்துறைப் படகுகள் கடல் பவனியை ஓட்டப்பந்தயம் ஆக்கிவிட்டன. முன்னால் போன அந்தோனியார் சுரூபம் அலையில் தொப்பலாக நனைந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் பவனியே இல்லை என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார்.

படகுக்காரரை நோகவும் முடியாது. எங்கள் கரையில் ஒவ்வொரு துறையிலும் முதலில் வந்துசேரும் படகின் மீன்தான் முதலில் ஏலம் போகும். ஒரே துறைக்காரர் பக்கத்தில் வந்தால் கை தானாகவே எஞ்சினை முறுக்கும்.

ஒரே துறைப் படகுகள் அடுத்தடுத்து வராமல் வரிசை போட்டுத் தருகிறேன் என்று மீனவர் சங்கத்தில் சொன்னது நான்தான். பதினைந்து படகுகளின் பட்டியலை லப்டொப்பில் ஏற்றிக் குலுக்கினேன். எத்தனை முறை குலுக்கினாலும் எங்கோ இரண்டு ஒட்டிக்கொண்டன. பிறகு வேறு மாதிரி எழுதினேன்: அதிகப் படகுள்ள துறையை ஒன்று, மூன்று, ஐந்து என்று விட்டுவிட்டு வை, மற்றவற்றை இடைவெளிகளில் நிரப்பு.

சங்கத்தார் முன்னால் ஓட்டிக் காட்டினேன். 'முடியாது' என்றது திரை.

சங்கத் தலைவர் அந்தோனிமுத்துப் பெரியப்பா சிரித்தார். "ஜெனுஷா, உன்ர பெட்டிக்குக் கடல் ஒத்துவரேல்லைப் போல. திருவுளச்சீட்டுப் போடுவம், விடு."

நிரலை வரிவரியாகப் பார்த்தேன். பிழை இல்லை. படகுக்கு ஒன்றாக, துறை துறையாகத் தீக்குச்சிகளை மேசையில் அடுக்கினேன்.

"பெரியப்பா, மேற்குத்துறை மட்டும் ஒன்பது. ஒன்பதைப் பிரிக்க நடுவில எட்டு வேணும். மற்றத் துறையள் சேர்த்து ஆறுதான். சீட்டுப் போட்டாலும் ஒட்டும். மேற்கில ரெண்டு படகு கரையில நிக்கவேணும்."

"ஆர் நிக்கிறது? நீயே சொல்லு பாப்பம்."

எங்கள் படகும் மேற்குத்துறைதான். பவனிக்கென்று அப்பா அதற்கு நீலம் பூசி மூன்று நாள்கூட ஆகவில்லை.

"என்ர படகை எடு, பிள்ளை," என்றார் அப்பா.

பெரியப்பா அவரை முறைத்தார். "உனக்கு மட்டும்தான் நெஞ்சிருக்கு எண்டு நினைச்சியோ, றோய்?" மேற்குத்துறை அடுக்கிலிருந்து ஒரு குச்சியை அவரே உருவினார். "இது என்ர."

இரண்டு பெயரை நீக்கி மறுபடி ஓட்டினேன். பதின்மூன்று பெயர்கள் இறங்கின. ஏழுக்கு நடுவில் ஆறு.

திருநாளன்று மூன்று பேரும் கரையில் நின்றோம். மேற்கு, வேறு துறை, மறுபடி மேற்கு. ஒரு எஞ்சினும் உறுமவில்லை. நான் எழுதிய வரிகள் கொடி கட்டிக்கொண்டு தண்ணீரில் போவது போலிருந்தது.

முள்ளிக்குளத்திலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார். "றோய், உங்கட படகைக் காணேல்லையே?"

"அதை விடுங்கோ. அந்த வரிசையைப் பாருங்கோ. என்ர மகள் போட்டது."

"எங்கட பிள்ளை போட்டதெண்டு சொல்லடா," என்றார் பெரியப்பா.