நான்காம் அடியின் கடைசிச் சீர்

யாப்பிலக்கணம் நடத்தியே தொண்டை கட்டிப்போனவள் ஹில்டா டீச்சர். கடற்பாட்டுகளைத் திரட்டும் பேராசிரியர் ஒருவர், "வடிவம், ஓசை, உணர்ச்சி மூன்றையும் ஆராய்ந்து எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது அவளிடம் இருந்தது கயிற்றுப் பாட்டு ஒன்றுதான். இரண்டு வருஷமாக அவள் காதை விட்டுப் போகாத பாட்டு.

சங்கு குளிக்கிறவனுக்கு அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கு மனசு வரும் என்ற கணக்கு. ஹில்டாவின் புருஷன் வளனுக்கு அவள் தம்பி ரோச் பிடித்தான். முங்கியவன் கயிற்றை அசைத்தால் இழுக்க வேண்டும். அசைக்காவிட்டாலும் பாட்டை ஏழு சுற்று முடித்ததும் இழுத்துவிட வேண்டும். நடுக்கடலில் கடிகாரத்துக்கு எங்கே போவது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் வளன் பிணமாகத்தான் மேலே வந்தான். மச்சானைக் கொன்றவன் என்று ஊர் ரோச்சைத் தூற்றியது. ஹில்டாவும் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பாட்டை எழுதினாள்.

கல்லைக் கட்டி இறங்கும் மச்சான்
கடலுக் குள்ளே நடக்கும் மச்சான்
சங்கை அள்ளி நிமிரும் மச்சான்
மூச்சு முட்டுமுன் வாரும் மச்சான்

அடிக்கு நான்கு சீர். எல்லா அடியும் ஒரே சொல்லில் முடிகிற இயைபு. உணர்ச்சி, வேலைக்காரர் பாட்டின் உற்சாகம் என்று எழுதப் போனவள், ஓசையைச் சரிபார்க்க மேசையைத் தட்டிக்கொண்டே பாடினாள். கடைசிச் சீரில் விரல் நின்றுவிட்டது.

ரோச் முதலில் பாடியது 'மூச்சு முட்டுமுன் வாரும்' என்று மட்டும்தான். மூன்றே சீர். மூச்சு குறைகிற இடத்தில் பாட்டும் குறைந்தது. அதில் உற்சாகம் இல்லை, பயம்தான் இருந்தது. படித்த வாய் சும்மா இருக்குமா? "அடி நொண்டுதுலே" என்று 'மச்சான்' என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுத்தவள் அவள்தான். வளன் கடைசியாக முங்குவதற்கு முந்தின நாள். சுற்றுக்கு ஒரு சீர் கூடினால், ஏழு சுற்று முடிந்து கயிற்றை இழுக்க எவ்வளவு தாமதம்?

அடுத்த அறையில் யாரோ மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் கேட்டது. அங்கே யாருமில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்து ரோச்சின் வீட்டுக்கு ஓடினாள். அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு எப்படிலே பாடினே?"

"நீ திருத்துன மாதிரிதாங்க்கா."

"அதனாலதான்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் தலை நிமிரவில்லை. "கரைக்கு வரும்போதே தெரியும்."

"பெறவு ஏம்லே சொல்லல?"

"மச்சானத்தான் மேல கொண்டாற முடியல. ஒன்னையும் தண்ணிக்குள்ள தள்ளணுமாக்கா?"