சொட்டுகிற ஐஸ்பெட்டியும் ஞாயிற்றுக்கிழமை மச்சானும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, சால்னா ஊற்ற வந்த அசாருதீன் கதையையும் சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார். அவர் ராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். கிள்ளானுக்கு வடக்கே மேருவில் வாடகைக்குத் தங்கி, கொமுட்டர் ரயிலில் வேலைக்கு வந்து போகிறார். பக்கத்து வீட்டில் நடந்ததை அந்தக் குடும்பத்தில் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம். நான் அந்தக் குடும்பத்தில் சேர்த்தி இல்லை என்பதால் வாக்குத் தவறவில்லை என்பது அவர் கட்சி. எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான தர்க்கம் கிடைக்காது.

சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருந்த ஆசிரியை மலருக்கு உடனே போன் செய்தேன். ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜுக்கு இங்கே அதுதான் பெயர்) தண்ணீர் ஒழுகுகிற கதை என்றேன்.

“சார், தோட்டம் ஒண்ணும் வராதா? ரப்பர் மரம், லயத்து வீடு, அந்த மாதிரி. வாசகருக்குக் கண்ணுல தண்ணி வரணும் சார்.”

அடுப்படியில் வேண்டிய தண்ணீர் வருகிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல ஆசிரியர்கள் சிரிப்பதில்லை.

2

தொடக்கம் ஒன்று: “தண்ணீர் என்பது நினைவு. அது கசிகிற இடமெல்லாம் நாம்—”

(வேண்டாம். தண்ணீர் என்பது தண்ணீர்தான். குனிந்து துடைத்தவர்களுக்குத் தெரியும்.)

தொடக்கம் இரண்டு: “மேருவில் மழை பெய்துகொண்டிருந்தது. நாகையாவின் மனத்திலும்—”

(அவன் மனத்தில் மழை ஏதும் இல்லை. காலடியில்தான் ஈரம்.)

தொடக்கம் மூன்று: “சனிக்கிழமை காலை காப்பி போட வந்த நாகையா, ஐஸ்பெட்டிக்கு முன்னால் வழுக்கி உட்கார்ந்தான்.”

இது இருக்கட்டும். விழுந்தவனை வைத்துக் கதையைத் தொடங்கினால் அவன் எழுந்தாக வேண்டும். பாதி வேலையை அவனே பார்த்துக்கொள்வான்.

(ஐம்பதைத் தாண்டிய மனிதனை ‘அவன்’ என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், கதை கோட்டுப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றது. ‘அவன்’ என்றதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது.)

3

நாகையா மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவன். அந்த ஐஸ்பெட்டியை அவன் வாங்கியது மனைவி தாமரைக்காக. ஓராண்டாக அவளுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. பெண்களுக்கு அந்த வயதில் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயமில்லை, சரி, வேர்வைக்கு என்ன செய்வது? கிளாஸ் நிறைய ஐஸ் போட்டுக் குடித்தால்தான் அவளுக்கு மூச்சே வருகிறது. கிளாஸை வைத்து அழுத்தினால் ஐஸ் தானாக விழுகிற பெட்டியை ஒரு கடையில் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள். நாகையா அதைப் பார்த்துவிட்டான். மறுமாதம் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் அவளிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசிப் பழகாதவன். அந்தப் பெட்டிதான் அவன் பேச்சு.

இப்போது அந்தப் பேச்சுத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒழுகினால் ஆள் கூப்பிடலாமே என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆள் இருக்கிறார், அதுதான் தொல்லையே. தாமரையின் அண்ணன் வேலாயுதம் செமினியில் ஏசி பொருத்துகிற ஏர்கோன் வேலை எடுத்துச் செய்கிறவர். தங்கச்சி வீட்டில் எது பழுதானாலும் வந்து சரிசெய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் வைத்துச் சிரித்துவிட்டுப் போவார். கெட்டவர் இல்லை. (கெட்டவராக்கிப் பார்த்தேன். மீசை வைத்தேன், கதவை உதைக்க வைத்தேன். ஒட்டவில்லை. வரும்போதெல்லாம் தங்கச்சிக்குப் பலாப்பழம் கொண்டு வருகிறவரை எப்படி வில்லனாக்குவது?)

ஒருமுறை நாகையா தானே சீலிங் காத்தாடி மாட்டினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, ஒயரை மாற்றிக் கொடுத்ததில் காத்தாடி எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை மேலே அனுப்பியது. “மாப்பிள்ள கூரைக்குக் காத்து வாங்கிக் குடுத்திருக்காரு” என்று வேலாயுதம் அன்று சொன்னதை, இன்றைக்கும் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாமரை சனிக்கிழமை காலையே அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

“நாளைக்கு மத்தியானம் வரேன் தங்கச்சி. அதுவரைக்கும் மாப்பிள்ளைய எதையும் தொட வேணாம்னு சொல்லு.”

தரையில் உட்கார்ந்திருந்த நாகையா அதைக் கேட்டான். வேறெந்த உதவியை மச்சானிடம் இரவல் வாங்கினாலும் தாங்கிக்கொள்வான். தான் அவளுக்கென்று வாங்கிக் கொடுத்த ஒரே பொருளையும் அவள் அண்ணன் வந்து சரிசெய்தால், அப்புறம் இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. மச்சான் வருவதற்குள் ஒழுகல் நிற்க வேண்டும். கதையின் பிரச்சினை இவ்வளவுதான், மலர் மன்னிக்க வேண்டும்.

4

பழுது பார்க்கும் படலம்.

(இங்கே ஒரு பக்கம் தொழில்நுட்பம் எழுதி அடித்துவிட்டேன். எனக்கு ஐஸ்பெட்டியைத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். அசாருதீனுக்கு அதுவும் அவசரத்தில் மறந்துவிடுமாம்.)

போனில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்தபடியே ஐஸ்மேக்கரைக் கழற்றி மாட்டும் வீடியோவை நாகையா பார்த்தான். அந்த வெள்ளைக்காரன் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. காய்ந்த தரையில் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

முதலில் பெட்டிக்குத் தண்ணீர் வருகிற மெல்லிய வெள்ளைக் குழாயைச் சந்தேகப்பட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட மாதிரி, சொட்டிக்கூட இருக்காத அந்தக் குழாயைக் கழற்றினான். அது முகத்தில் பீய்ச்சியது. வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான், அதன்மேல் சிலிக்கோன் பூசினான். குழாய்க்குக் கழுத்துச் சுளுக்கிக் கட்டுப் போட்டது போல் ஆயிற்று. ஒழுகல் நிற்கவில்லை.

அடுத்து உள்ளே ஐஸ் அடைத்திருக்கும் என்று தாமரையின் ஹேர் டிரையரால் சூடு காட்டினான். அடைப்பு இல்லை, ஐஸ்தான் உருகியது. அதையும் அவனே துடைத்தான்.

“அண்ணன் வந்து பாக்கட்டுங்க. நீங்க கைய வச்சா…” என்று தாமரை பழைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை, நானும் முடிக்கப்போவதில்லை. வீட்டில் சும்மா கிடந்த துணியெல்லாம் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. நடுவில் அவளுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. ஐஸ் இல்லை. பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டே கூடத்துக்குப் போனாள். கோபித்திருந்தால்கூட நாகையா தாங்கிக்கொண்டிருப்பான். அவள் விசிறிக்கொண்டு போனதுதான் அவனை வதைத்தது.

5

ஞாயிற்றுக்கிழமை காலை தாமரை கோயிலுக்குப் போனாள். நாகையா மறுபடியும் டேப்பை எடுத்தான். சுற்றிவிட்டு அதை ஐஸ்பெட்டியின் தலையில் வைத்தான். டேப் மெதுவாக உருண்டு இடப்பக்கம் போய்க் கீழே விழுந்தது. எடுத்து வைத்தான். மறுபடியும் இடப்பக்கம். இன்னொரு தரமும் வைத்தான். இந்தத் தரம் தெரிந்தே வைத்தான்.

பெட்டி சாய்ந்து நிற்கிறது. பெட்டி சாய்ந்தால் ஐஸ் தட்டும் சாயும். ஊற்றுகிற தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து, உறைந்து, பிறகு உருகித் தரைக்கு வரும். குழாய் பாவம், அநியாயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தான். பின்சக்கரம் ஒன்றின் அடியில் ஏதோ இருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அசாருதீனைக் கூப்பிட்டான். அவர் ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, நாகையா கையை விட்டு இழுத்தான். சிவப்பு நூலால் வாயைக் கட்டிய சின்னப் பிளாஸ்டிக் பை வந்தது. உள்ளே குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழம் ஒன்று, காய்ந்து கொட்டைப்பாக்காய்ச் சுருங்கி, கல்லாகிக் கிடந்தது.

நாகையாவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பெட்டி வந்திறங்கிய நாளில் தாமரை அதைச் சுற்றி வந்து பார்த்து, சக்கரம் இருக்கிறதே என்றாள். புதுக் காடி, அதாவது கார், வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யாராவது எடுப்பார்களா? கண்ணேறு படாதா? எறும்பு வரக்கூடாது என்று ஒவ்வொரு பழத்தையும் பையில் போட்டுக் கட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள். மற்றவை நசுங்கின, எடுத்துப் போட்டாள். சுவரோரத்துப் பழம் வரைக்கும் பெட்டி உருளவில்லை, அதை எடுக்க மறந்துவிட்டாள்.

அசாருதீன் பழத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

“என்னாண்ணே, இதுக்கு ரோட் டேக்ஸும் எடுத்தாச்சா?”

நாகையா சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. போன வாரம் பொங்கலுக்கு வீடு கழுவியபோது பெட்டியை இழுத்துவிட்டு, பார்க்காமல் கொள்ளாமல் இடித்துச் சுவரோரம் தள்ளியது அவன்தான். ஒழுகல் பொங்கலுக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. பழத்தை வைத்தவள் அவள். சக்கரத்தை அதன்மேல் ஏற்றியவன் இவன்.

(மலர், பாருங்கள். உங்களுக்குத் தோட்டம் வேண்டுமென்றால் எலுமிச்சைத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.)

6

மத்தியானம் வரைக்கும் பெட்டி நேராக நின்றது. ஐஸ் விழுந்தது. அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. அசாருதீன் ரயிலை விட்டுவிட்டு அதைப் பார்க்கவே காத்திருந்தாராம். கோயிலிலிருந்து வந்த தாமரை தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிளாஸ் ஐஸ் எடுத்துக்கொண்டாள். வாசலில் மச்சானின் ஹாரன் கேட்டது. நாகையா பையைச் சட்டைப்பைக்குள் திணித்தான். அசாருதீன் இந்தக் குடும்பத்தில் யாரிடமும் சொல்வதில்லை என்று தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக நழுவினார்.

ஆக, சாட்சி போய்விட்டார். அப்புறம் என்ன ஆனது என்று அவருக்கும் தெரியாது. “அடுத்தவங்க வீட்டு விஷயம், போய்க் கேட்டா மரியாதையா சார்?” என்றார். இதோடு நிறுத்தினால் நீங்கள் என்னை ஏசுவீர்கள். ஆகவே இனி வருவது என் கைச்சரக்கு.

முடிவு ஒன்று. நாகையா பழத்தை எடுத்துக் காட்டி, “ஒங்க தங்கச்சி செஞ்ச பூசை மச்சான்” என்கிறான். ஜெயித்துவிட்டான். காத்தாடிக் கதை அன்றோடு செத்தது. கல்யாண வீடுகளில் இனி ஐஸ்பெட்டிக்குக் கண்ணேறு கழித்த தாமரையின் கதை ஓடும். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முடிவு இரண்டு. பழத்தைக் காட்டாமல், “நாந்தான் மச்சான் பெட்டியக் கோணலாத் தள்ளிட்டேன்” என்கிறான். உண்மைதான், பாதி உண்மை. காத்தாடிக்கு ஒரு தம்பி பிறக்கிறான். வேலாயுதம் வரும் ஞாயிறுகளுக்கெல்லாம் பேச்சுக் கிடைத்தது.

முடிவு மூன்று. “பைப் லூஸ், டைட் பண்ணிட்டேன்” என்று பொய் சொல்கிறான். எங்கே பார்ப்போம் என்று மச்சான் பின்னால் போய் அந்தக் குழாய்க் கட்டைப் பார்க்கிறார். (இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.)

முடிவு நான்கு, மலருடையது. எல்லாரும் அழுகிறார்கள். எதற்கு என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

7

வேலாயுதம் பலாப்பழத்தோடு உள்ளே வந்தார். நேரே பெட்டிக்குப் போனார், கிளாஸை வைத்து அழுத்தினார். ஐஸ் விழுந்தது. குனிந்து செய்தித்தாளைத் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. விருந்துக்கு வந்து இலை காலியாக இருப்பதைப் பார்த்தவரின் முகம் அது.

“யாரு தங்கச்சி வந்து பாத்தா?”

“இவுங்கதான் செஞ்சாங்க” என்றாள் தாமரை. அதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்ததை நாகையா இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. இதற்காகத்தானே நேற்றிலிருந்து ஈரத்தில் படுத்துக் கிடந்தான்.

“நல்லதுலா. என்ன கோளாறு மாப்பிள்ள?”

நாகையாவின் கை சட்டைப்பைக்குப் போனது. சட்டைப்பையின் வாயிலிருந்து சிவப்பு நூல் ஒரு விரல் நீளம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அது வெறும் நூல். தாமரை அதைப் பார்த்தாள். தான் போட்ட முடிச்சு யாருக்குத் தெரியாது? அவள் முகம் மெதுவாகச் சிவந்தது. அது வெட்கமா, அந்தப் பாழாய்ப்போன சூடா என்று நாகையாவுக்குத் தெரியவில்லை. எழுதுகிற எனக்கும் தெரியவில்லை.

நாகையா வாயைத் திறந்துவிட்டான். இனி ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அவளுடைய பாதியைச் சொன்னால் ஜெயிப்பான், தன் பாதியைச் சொன்னால் மறுபடியும் காத்தாடிக்காரன், இரண்டையும் விட்டால் மச்சான் குழாயைப் பார்ப்பார். நான் எதை எழுதினாலும் ஒருத்தர் தலை குனிய வேண்டியிருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை. இந்தப் பையை நீங்கள் பிடியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருப்பார், உங்களுக்குத் தெரியாததா?

கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். தாமரைக்கு வேர்க்கத் தொடங்கிவிட்டது, கையிலிருக்கும் கிளாஸில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது.