வலது உதட்டோரம் மட்டும்

ஒருவர் முகத்தில் இளக்காரம் எப்படித் தெரியும் என்று கேட்டால் எங்கள் மையத்தில் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். உதட்டின் இரண்டு ஓரமும் உயர்ந்தால் சிரிப்பு. ஒரு ஓரம் மட்டும் உயர்ந்தால் இளக்காரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மையம் எதற்கு, எந்த மாமியாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவாரே என்பீர்கள். மாமியார்களுக்கு அரசு மானியம் கிடையாது. எங்களுக்கு உண்டு.

மையத்தின் முழுப் பெயர், எதிர்மறை மனப்பான்மைகள் மற்றும் உணர்ச்சிகளின் சமூக விளைவுகளுக்கான உயராய்வு மையம். பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாகிவிட்டதால் கடைசி இரண்டு சொற்கள் பக்கத்துப் பல் மருத்துவமனையின் சுவரில் இருக்கின்றன. கீழ்த்தளத்துக் கேன்டீன்காரர் அத்தனை நீளத்துக்கு மூச்சு விட முடியாமல் "சிடுமூஞ்சி ஆபீசுக்கு ஆறு டீ" என்று சுருக்கிவிட்டார்.

அந்த ஆபீசில் பதினேழு வருடமாக எனக்கு முகம் பார்க்கிற வேலை. கணவனும் மனைவியும் வந்து ஒரு சோபாவில் உட்கார்ந்து, தங்களுக்குள் ஒத்துவராத ஒரு விஷயத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார்கள். இரண்டு கேமராக்கள் பதிவு செய்யும். நான் சத்தத்தை அணைத்துவிட்டு, ஐந்து வினாடிக்கு ஒருமுறை நிறுத்தி, படிவத்தில் குறிப்பேன். கோபம், எரிச்சல், பொறாமை, வெறுப்பு, இளக்காரம். எந்தப் பக்கம் அசைந்தது, எத்தனை வினாடி, தீவிரம் ஒன்றா ஐந்தா. கடைசியில் கூட்டிப் பார்த்து, இந்த ஜோடி தேறுமா தேறாதா என்று இயக்குநர் தீர்ப்பு சொல்வார்.

இயக்குநர் பெரிய மனிதர். "கோபம் கதவைத் தட்டும், இளக்காரம் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடும்" என்று ஒரு கருத்தரங்கில் சொன்னதைத் தானே சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிக்கொண்டவர். எங்களோடு பேசும்போது எங்கள் நெற்றிக்கு நான்கு விரற்கடை மேலே பார்த்துப் பேசுவார். அதை அளக்க மட்டும் எங்களிடம் படிவம் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. 'இளக்காரத்தை எதிர்கொள்ள ஐந்து வழிகள்' என்ற துண்டறிக்கையை எழுதினேன். எண்ணாயிரம் பிரதிகள் அச்சாயின. முதல் வழி, காரணம் கேட்காதீர்கள். கேட்டால் அது வளரும். இரண்டாம் வழி, எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். மீதி மூன்று வழிகளும் இந்த இரண்டையே வேறு வார்த்தைகளில் சொன்னவை.

என் மனைவி தையல்காரி. இரண்டு தெரு தள்ளி, பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை. அளவு எடுத்துக்கொண்டே வாடிக்கையாளரின் இடுப்பைப் பற்றி உண்மை பேசுவாள். அதற்காகவே சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள், அடுத்த மாதம் இன்னும் இரண்டு அங்குலத்தோடு திரும்பி வருவார்கள்.

துணை இயக்குநர் பதவி எனக்கு வரும் என்று மையமே நம்பியிருந்தது. படிவத்தைத் தலைகீழாகப் பிடிக்கும் ஒருவருக்குப் போயிற்று. அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொன்னேன்.

"கிடைக்கல."

"விடுங்க. அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா உங்களுக்கும் ரெண்டு இஞ்ச் கூடியிருக்கும். நான்தான் பேண்ட்டைப் பிரிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வலது உதட்டோரம் மட்டும் உயர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எனக்குப் பதினேழு வருடத்துக் கண். பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு எழுதி, கீழே தேதி போட்டேன். வலது, இரண்டு வினாடி, தீவிரம் இரண்டு.

அதற்கப்புறம் நிற்கவில்லை. ஒன்பது நாள் கழித்து மறுபடி வலது. அந்த வாரமே இன்னொன்று. மூன்றாம் மாதத்தில் அவள் எப்போது சிரித்தாலும் வலதுதான். சூப் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்னத்தைத் துடைத்தாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடவே அருவருப்பு என்று எடுத்துக்கொண்டு, வெறுப்பு, தீவிரம் இரண்டு என்று எழுதினேன். ஐந்தாம் மாதத்தில், நான் பேசும்போது அவள் ஒரு கண்ணை மட்டும் மூடுவதும் இன்னொன்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. எங்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. நானே ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்தேன். புதிய குறியீடு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

பெருமையை விடுங்கள். உள்ளே செத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த ஒருத்தி என்னை மதிக்கவில்லை என்பதை ஒவ்வொரு வரியாக நானே எழுதிக்கொண்டிருந்தேன்.

துண்டறிக்கை சொன்னபடி நடந்தேன். அவள் சிரித்தால் எழுந்து மாடி அறைக்குப் போவேன்.

"ஏங்க, நான் வந்து உட்கார்ந்தா எழுந்து போறீங்களே, சோபால முள்ளு எதாவது இருக்கா?"

"வேலை இருக்கு."

"சரி, போங்க. சோபாவாவது நிம்மதியா இருக்கட்டும்."

வலது, மூன்று வினாடி, தீவிரம் நான்கு.

எட்டாம் மாதம் அந்த எண்களை வரைபடமாக்கி, யாரோ ஒரு தம்பதி என்று சொல்லி இயக்குநரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதாவது எதையும் பார்க்காமல், பார்த்தார்.

"ஏறுமுகமாவே போகுதே! அற்புதமான கோடு. அந்தப் பொண்ணுக்கு இந்த ஆள் மேல துளி மரியாதை இல்ல."

"சரியாயிடுமா சார்?"

"இவ்வளவு போனப்புறமா? அந்த ஆள் இன்னும் அந்த வீட்டுல என்ன பண்றான்?"

பதினோராம் மாதம் என் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. அடக்கமில்லாதவள் என்று சின்ன வயதில் வைத்த பெயர் 'வால்'. வேறு ஊரில் லாரி டயர் கடை நடத்துகிறாள். மனித முகத்தைப் பற்றி அவள் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. கதவைத் திறந்ததும், பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அக்கா, வாய் என்ன ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. குளிர்காத்து."

"எங்க, ஈன்னு பல்லைக் காட்டு."

காட்டினாள். வலது பக்கம் மேலே போயிற்று. இடது பக்கம் வேறு யாருடைய முகமோ போல அப்படியே இருந்தது.

"புருவத்தைத் தூக்கு. ரெண்டையும். ரெண்டையும் தூக்குன்னு சொல்றேன்ல?" வால் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க பார்க்கவே இல்லையா? மூஞ்சியைப் பார்க்கறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளமே தர்றாங்க?"

எங்கள் படிவத்தில் அசைந்த பக்கத்துக்குத்தான் கட்டம் உண்டு. அசையாத பக்கத்துக்குக் கிடையாது.

வால் அன்றே எங்களை அனுப்பிவைத்த டாக்டர் அம்மா அதிகம் பேசாதவர். மனைவியின் இடது காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார். விரல் ஒரு கட்டியில் போய் நின்றது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஆறேழு மாசமா இருக்கும்," என்றாள் மனைவி.

"பதினோரு மாசம்," என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மறைக்க நினைத்தேன். ஆனால் கட்டி எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதில்தான் வைத்தியமே இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். நடுப்பக்கத்திலிருந்து புரட்டினார். தேதி, பக்கம், வினாடி, தீவிரம். கண் மூடாத நாள் எது, சாப்பாடு வழிந்த நாள் எது என்று நூற்று நாற்பத்து மூன்று வரிகள்.

டாக்டர் வெகுநேரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு குறிப்பை நான் பார்த்ததே இல்ல சார். கூட இருக்கறவங்க முகம் கோணுறதே பாதிப் பேருக்குத் தெரியறதில்ல." என் மனைவியிடம் திரும்பினார். "இவ்வளவு கவனமா பார்க்கற மனுஷன் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அத்தனை பெருமை, அத்தனை நன்றி. சிரித்தாள். வலது உதட்டோரம் மட்டும் உயர்ந்தது.

"ஒண்ணுதான் புரியல," என்றார் டாக்டர். "இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் முதல் மாசமே ஏன் கூட்டிட்டு வரல?"

அவர் என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, நோட்டை மூடி, அருகில் இருந்த அவள் கையில் கொடுத்தார்.

ஸ்கேனில், கட்டி முகநரம்பைச் சுற்றிக்கொண்டு கழுத்துக்கு இறங்கி, நுரையீரலில் நான்கு இடத்தில் முளைத்திருந்தது தெரிந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று டாக்டர் வராந்தாவில் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

விடுப்புக் கேட்கப் போனபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். இயக்குநர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்த நோட்டை மையத்துக்குக் குடுத்துடுங்க. அரிய தரவு. தவறான குறியீடும் அதன் குடும்ப விளைவுகளும்னு ஒரு கட்டுரை போடலாம். உங்க பேரும் வரும். மூணாவதா."

நோட்டு என்னிடம் இல்லை என்றேன். அது உண்மையும்கூட.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவள் அதை இரண்டு நாள் படித்தாள், வரி வரியாக விரலை வைத்து. முதல் பக்கத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். 'என் மனைவியின் இளக்காரம்.' அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

"இது சரியா எழுதியிருக்கீங்க."

"எது?"

"குழாயை நானே மாத்தறேன்னு வீட்டைக் குளமாக்கினீங்களே, அந்த நாள். தீவிரம் மூணுன்னு போட்டிருக்கீங்க. அன்னைக்கு நிஜமாவே உங்களை மட்டமாத்தான் நினைச்சேன். அஞ்சு போட்டிருக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"இந்த நாள் ஞாபகம் இருக்கா?"

தேதியைப் பார்த்தேன். நான்காம் மாதம். வலது, நான்கு வினாடி, தீவிரம் நான்கு. எழுந்து மாடிக்குச் சென்றேன்.

"அன்னைக்கு கடையில ஒரு அம்மாவுக்குப் பாவாடை அளவு எடுத்துட்டிருந்தேன். உதட்டுல ஆறு குண்டூசி வச்சிருந்தேன். அத்தனையும் கீழ விழுந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. அந்த அம்மா சொல்லித்தான் பார்த்தேன். பயந்துட்டேங்க. கடையைப் பூட்டிட்டு ஓடி வந்தேன், உங்ககிட்ட சொல்லணும்னு. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அதான் முதல்ல சிரிச்சேன்."

அவள் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"மாடியில என்ன பண்ணீங்க?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"நானும் கீழ சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். இறங்கி வருவீங்கன்னு. அப்புறம் ரெண்டு மூணு தடவை சொல்லப் பார்த்தேன். இவருக்கு நம்மளைப் பிடிக்காமப் போச்சு போல, இதுல மூஞ்சியும் கோணுதுன்னு எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

முகத்திலும் கழுத்திலும் இருந்த கட்டியை மட்டும் அறுத்து எடுத்தார்கள், நுரையீரலில் இருந்ததை ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில் வால் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதை இவகிட்ட குடுங்க," என்றாள் மனைவி. "நான் இவ வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்."

துண்டறிக்கையில் கூடாது என்று நானே அச்சடித்ததை அப்போதுதான் கேட்டேன். "என் மேல கோபமா?"

"கோபமெல்லாம் இல்லங்க." என் சட்டைப் பொத்தான் ஒன்று பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை தானாக அதற்குப் போய், நூலை அறுத்து, பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தது. "உங்க முன்னாடி முகத்தை வெச்சுக்கவே பயமா இருக்கு. சிரிக்கணும்னு தோணினா, இதை இவர் என்னன்னு எடுத்துப்பாரோன்னு முதல்ல யோசிக்க வேண்டியிருக்கு. இருக்கறது கொஞ்ச நாள். யோசிக்காம சிரிச்சிட்டுப் போறேனே."

"இனிமே எழுத மாட்டேன்."

"தெரியும். ஆனா பார்ப்பீங்கல்ல?"

அவள் ஐந்து மாதம் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து பிடித்துப் போவேன். டயர் கடைக்கு மேலே வீடு. படியேறும்போதே உள்ளே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். வால் எதையாவது சொல்வாள், இவள் அதற்கு மேல் ஒன்று சொல்வாள், வார்த்தை பாதிக்குப் பாதி குழறும், அதற்கும் சேர்த்து இருவரும் சிரிப்பார்கள். நான் மணியை அடித்ததும் நின்றுவிடும். உள்ளே போனால் அன்பாகத்தான் பேசுவாள், சாப்பிட்டீர்களா, சட்டையை யார் தேய்க்கிறார்கள் என்று. துப்பட்டாவை இழுத்து முகத்தில் பாதியை மூடியிருப்பாள். அசைகிற பாதியை.

கடைசி ஞாயிறன்று மணியை அடிக்கவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் தானாக ஓயும்வரை, வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.